லெப்ரகானை விண்வெளிக்கு அனுப்பியது எது?

சிறு முதலீட்டில் எடுக்கப்பட்டுவந்த ஒரு திகில் நகைச்சுவைத் தொடர் தன் நான்காம் பாகத்தில் திடீரென்று விண்வெளிக்குப் போனது ஏன், அப்படிப் போன ‘லெப்ரகான் 4: இன் ஸ்பேஸ்’ பார்க்கத் தகுந்த படம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பணமும் அன்றைய வீடியோ சந்தையும் பெரும்பகுதி விடை தந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு என் விடை, பார்க்கலாம் என்பதே. ஆனால் இந்தப் படத்தைக் கேலி செய்வோர் அதன் மலிவான செட்டுகளையும் பொம்மைபோல் தெரியும் விண்கலத்தையும்தான் குறையாகச் சொல்கிறார்கள். அவை பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். விண்வெளிக்குப் போனதால் அந்தத் தொடர் இழந்த பொருள் வேறொன்று. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொடரை அறியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்க் ஜோன்ஸ் எழுதி இயக்கிய ‘லெப்ரகான்’ 1993-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ஜெனிஃபர் அனிஸ்டன் பெரும்புகழ் பெறுவதற்கு முன் நடித்த படம் என்பதால் இன்றும் அது நினைவுகூரப்படுகிறது. அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் குள்ள உருவ மாயாவி ஒருவன், தன்னிடமிருந்து திருடப்பட்ட தங்கக் காசுகளைத் தேடி வழியில் நிற்பவர்களையெல்லாம் கொல்வதுதான் கதை. படம் அமெரிக்காவில் சுமார் 86 லட்சம் டாலர் வசூலித்தது; அதன் சிறிய முதலீட்டோடு ஒப்பிட்டால் அது நல்ல வசூல். 1994-இல் வந்த இரண்டாம் பாகம் சுமார் 23 லட்சம் டாலரோடு நின்றுவிட்டது. ஆகவே 1995-இல் வந்த மூன்றாம் பாகம் திரையரங்கைத் தேடிப் போகாமல் நேராக வீடியோ கடைகளுக்குப் போனது. பிரையன் டிரென்சர்ட்-ஸ்மித் இயக்கிய அந்தப் படம் லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதி ஒன்றைக் களமாகக் கொண்டது. பேராசையைப் பற்றிய கதைக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பதால், தொடரிலேயே கட்டுக்கோப்பான படம் அதுதான் என்பது என் கருத்து. அடுத்த பாகத்தையும் அதே இயக்குநரே எடுத்தார். 1996-ஆம் ஆண்டுப் படமாகப் பதிவாகியிருக்கும் அந்த நான்காம் பாகம்தான் நீங்கள் கேட்டிருப்பது.

களம் ஏன் விண்வெளியானது என்பதைப் புரிந்துகொள்ள, 1990களின் வீடியோ வாடகைக் கடையை மனத்தில் கொள்ள வேண்டும். திரையரங்கில் ஓடாத படத்துக்குச் செய்தித்தாள் விமர்சனமோ வாய்மொழி விளம்பரமோ கிடையாது. அலமாரியில் நூற்றுக்கணக்கான நாடாக்களுக்கு நடுவே அதன் அட்டைப் படம்தான் அதற்காகப் பேச வேண்டும். ‘லெப்ரகான் 4’ என்று மட்டும் எழுதியிருந்தால், முந்தைய மூன்றையும் பார்த்தவர்கூட இதைப் பார்த்துவிட்டோமா இல்லையா என்று குழம்புவார். பச்சை உடை அணிந்த அந்தக் குள்ளன் விண்மீன்களுக்கு நடுவே நிற்கிறான் என்றால் குழப்பத்துக்கு இடமில்லை. ஒரே பார்வையில் கதையின் புதுமை விளங்கிவிடுகிறது. வாடகைக்கு எடுப்பவர் முடிவு செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் மிகச் சிறிது என்பதை வீடியோ நிறுவனங்கள் நன்றாக அறிந்திருந்தன.

அடுத்த காரணம் படப்பிடிப்பைச் சார்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விண்வெளி என்றால் பெருஞ்செலவு என்று தோன்றும். சிறுபடம் எடுப்பவருக்கோ அது சிக்கனமான களம். விண்கலத்துக்குள் நடக்கும் கதைக்கு ஊர் வேண்டாம், தெரு வேண்டாம், வானிலையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், பகலா இரவா என்ற கணக்கும் வேண்டாம். ஒரே நடைபாதை செட்டில் சிவப்பு விளக்கைப் போட்டு ஒரு காட்சியையும் நீல விளக்கைப் போட்டு மற்றொன்றையும் எடுத்துவிடலாம். ஆட்கள் பத்துப் பேருக்குள் அடங்குவார்கள். அவர்களும் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டே வருவதால் படப்பிடிப்பின் பின்பாதியில் சம்பளப் பட்டியலும் சுருங்கும். இந்த வழியை நன்றாகக் கற்றுத் தந்தவர், குறைந்த செலவுப் படங்களுக்குப் பெயர்போன அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மன். 1980-இல் அவர் தயாரித்த ‘பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்’ படத்துக்காக எடுத்த விண்கலக் காட்சிகளை 1983-இல் ‘ஸ்பேஸ் ரெய்டர்ஸ்’ படத்தில் மறுபடியும் பயன்படுத்திக்கொண்டார். அவருடைய பட்டறையில் செட்டுகளும் சிறு மாதிரி விண்கலங்களும் செய்து தொழில் பழகிய இளைஞர்களில் ஜேம்ஸ் கேமரூனும் ஒருவர். 1990களில் இன்னொரு வசதியும் சேர்ந்தது. மேசைக் கணினியிலேயே விண்கலத்தை வரைந்து அசைக்க முடியும் என்பதை ‘பாபிலோன் 5’ தொலைக்காட்சித் தொடர் 1993-லிருந்தே காட்டிவிட்டது. லெப்ரகானின் நான்காம் பாகத்தில் விண்கலத்தின் வெளிக்காட்சிகள் அந்த முறையிலேயே அமைந்தவை. அவை இன்றைய கண்ணுக்கு வழவழப்பாகவும் எடையற்றதாகவும் தெரிவது உண்மைதான். எனினும் அந்த முறை இல்லையென்றால் இவ்வளவு சிறிய படம் தன் விண்கலத்தை வெளியிலிருந்து காட்டியிருக்கவே முடியாது.

இங்கே ஒரு வரலாற்றுத் தொடர்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விண்வெளித் திகிலும் விண்வெளி நகைச்சுவையும் ஒரே வீட்டில் பிறந்தவை. ஜான் கார்பென்டர் மாணவப் படமாகத் தொடங்கி 1974-இல் முழுநீளப் படமாக வெளியிட்ட ‘டார்க் ஸ்டார்’ படத்தில், கடற்கரையில் விளையாடும் காற்றடைத்த பந்துதான் வேற்றுக்கிரக உயிரி; அதற்குக் கால்களை ஒட்டி நடக்கவிட்டார்கள். அந்தப் படத்தின் கதையைக் கார்பென்டரோடு சேர்ந்து எழுதி, அதில் நடிக்கவும் செய்தவர் டான் ஓபானன். அதே சூழலை, கலத்துக்குள் நுழைந்துவிட்ட ஓர் அந்நிய உயிரி என்ற அதே கருவை, சிரிப்பை எடுத்துவிட்டு அச்சத்தோடு எழுதினால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததன் விளைவே 1979-இல் வந்த ‘ஏலியன்’. கார்மனின் பட்டறையிலிருந்து வந்த கேமரூன் 1986-இல் அதன் இரண்டாம் பாகமான ‘ஏலியன்ஸ்’ படத்தை இயக்கி, வாய்ச்சவடால் அடிக்கும் விண்வெளிப் படைவீரர்களைத் திரைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் வந்த சிறுபடங்கள் அந்தப் படைவீரர்களை விட்டுவைக்கவில்லை. ஆகவே லெப்ரகானின் நான்காம் பாகம் ‘ஏலியன்ஸ்’ படத்தைக் கிண்டல் செய்யும்போது, நகைச்சுவையிலிருந்து பிறந்த திகில் மறுபடியும் நகைச்சுவைக்கே திரும்புகிறது.

இனிப் படத்துக்கு வருவோம். தொலைவான ஒரு கோளில் லெப்ரகான், சரீனா என்ற இளவரசியை மணந்து அரச பதவியை அடையத் திட்டமிடுகிறான். சுரங்கத் தொழிலுக்கு அவன் இடையூறாக இருப்பதால் அவனை ஒழிக்க ஒரு கூலிப்படை வருகிறது. குண்டுவெடிப்பில் அவன் சிதறிப்போக, வீரன் ஒருவன் அந்த எச்சத்தின்மீது சிறுநீர் கழித்து வெற்றியைக் கொண்டாடுகிறான். மாயாவியின் உயிர் அந்த வழியாகவே அவன் உடலுக்குள் புகுந்து, பின்னர் கலத்தில் அவன் ஒரு பெண்ணோடு நெருங்கியிருக்கும் வேளையில் அவன் கீழுடலைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. ‘ஏலியன்’ படத்தில் மார்பைப் பிளந்து உயிரி வெளிவரும் புகழ்பெற்ற காட்சியைத்தான் இப்படி இடுப்புக்குக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அருவருப்பான காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘ஏலியன்’ காட்சியில் பேசாமல் மறைந்திருந்த பாலியல் அச்சத்தை இது வெளிப்படையாக்கிவிடுகிறது; அந்த வகையில் அது சிந்தித்து எழுதப்பட்ட பகடி என்றே கருதுகிறேன்.

நடிகர் தேர்விலும் இதே கவனம் தெரிகிறது. மண்டையில் உலோகத் தகடு பதித்த படைத்தலைவனாக நடித்தவர் டிம் கோல்செரி. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ படத்தில் பயிற்சி சார்ஜென்ட் வேடத்துக்கு முதலில் தேர்வானவர் இவர்தான். பின்னர் அந்த வேடம் ஆர். லீ எர்மிக்குப் போய்விட, ஹெலிகாப்டரிலிருந்து சுடும் வீரனாகச் சிறு வேடத்தில் வந்துபோனார். கைநழுவிப்போன அந்தச் சார்ஜென்டை ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து ஒரு வீடியோ படத்தில் அவர் முழு மூச்சோடு நடித்துக் காட்டுகிறார். லெப்ரகானின் மந்திரத்தில் சிக்கி அந்த முரட்டு வீரன் பெண்வேடமிட்டு ஆடிப்பாடும் இடத்தில்கூட அவர் உழைப்பில் குறையே இல்லை. உடலின் பெரும்பகுதியை இழந்து இயந்திரத்தோடு பொருத்தப்பட்டிருக்கும் விஞ்ஞானி மிட்டன்ஹேண்டாக வருபவர், பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரான ‘அலோ அலோ’வில் ஜெர்மானிய அதிகாரியாகப் பல ஆண்டுகள் நடித்த கை சைனர். இளவரசியின் இரத்தத்துக்கு உடலைப் புதுப்பிக்கும் ஆற்றல் உண்டு என்பதால் அதைக் கவர முனையும் இந்தப் பாத்திரம், பிற்பகுதியில் சிலந்தி உருவாக மாற்றப்படுகிறது. அந்தச் சிலந்தி உடலை கிராஃபிக்ஸால் செய்யாமல் பொம்மையாகவும் ஒப்பனையாகவும் செய்திருப்பதால் இன்றும் அது கண்ணை உறுத்துவதில்லை.

எல்லாருக்கும் மேலாக வார்விக் டேவிஸைச் சொல்ல வேண்டும். 1983-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தில் சிறுவனாக, ரோமம் போர்த்திய விக்கெட் என்ற பாத்திரத்தின் வேடத்திலும், 1988-இல் ‘வில்லோ’ படத்தில் கதாநாயகனாகவும் நடித்தவர். பிற்காலத்தில் ஹாரி பாட்டர் படங்களில் பேராசிரியர் ஃபிளிட்விக்காக உலகமே அறிந்தவர். கேப்ரியல் பார்டலோஸ் வடிவமைத்த லெப்ரகான் ஒப்பனையைப் போட்டுக்கொள்வதற்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அத்தனை கனமான ரப்பர் முகத்துக்குள்ளிருந்து கண்களாலும் குரலாலும் மட்டுமே ஒருவர் சிரிப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தருவது எளிய காரியமன்று. நான்காவது முறையாக அதே வேடம், அதுவும் வீடியோவுக்கென்றே எடுக்கப்பட்ட படம் என்றாலும் அவர் ஒரு வரியையும் அலட்சியமாகச் சொல்லவில்லை. இந்தத் தொடர் ஆறு படங்கள் வரை தாக்குப்பிடித்ததற்கு அவரே முதற்காரணம். அவர் இல்லாமல் 2014-இல் எடுக்கப்பட்ட ‘லெப்ரகான்: ஆரிஜின்ஸ்’ இந்த உண்மையை எல்லாருக்கும் உணர்த்திவிட்டது.

இவ்வளவு நல்லவை இருந்தும் படம் ஏன் முழுமையடையவில்லை என்பதற்கு நாட்டுப்புறக் கதைக்கே போக வேண்டும். அயர்லாந்தில் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. விவசாயி ஒருவன் லெப்ரகானைப் பிடித்துவிடுகிறான். தங்கம் புதைந்திருக்கும் செடியைக் காட்டும்வரை அவனை விடுவதில்லை. வயல் முழுவதும் ஒரே மாதிரியான மஞ்சள் பூச்செடிகள். மண்வெட்டி எடுத்துவர வீட்டுக்குப் போகும்முன் அடையாளத்துக்காகத் தன் சிவப்புக் காலுறைப் பட்டையை அந்தச் செடியில் கட்டிவிட்டு, அதை அவிழ்ப்பதில்லை என்று லெப்ரகானிடம் சத்தியமும் வாங்கிக்கொள்கிறான். திரும்பி வந்து பார்த்தால் வயலிலுள்ள ஒவ்வொரு செடியிலும் அதே போன்ற சிவப்புப் பட்டை. லெப்ரகான் சத்தியத்தை மீறவே இல்லை. அந்தப் பாத்திரத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது: அவன் விதிகளுக்குக் கட்டுப்பட்டவன், விதியின் சந்துபொந்துகளில் புகுந்து வெல்பவன், அவனை வெல்ல நினைப்பவரும் விதியை அறிந்துகொண்டுதான் வெல்ல வேண்டும்.

முதல் மூன்று படங்களும் இதை உணர்ந்திருந்தன. முதல் படத்தில் அவன் துரத்தும்போது பழைய செருப்புகளை வீசினால், அவன் செருப்புத் தைக்கும் மரபில் வந்தவன் ஆதலால் நின்று ஒவ்வொன்றையும் துடைக்காமல் அவனால் இருக்க முடியாது; நாலிலைத் தீவனப்புல்தான் (குளோவர்) அவனைக் கொல்லும். இரண்டாம் பாகத்தில் மூன்று முறை தும்மும் பெண்ணை யாரும் வாழ்த்தாவிட்டால் அவள் அவனுக்கு மனைவியாகிவிடுவாள். இரும்பு அவன் உடலைச் சுடும். மூன்றாம் பாகத்தில் அவனுடைய காசு கையில் கிடைத்தவருக்கு ஒரு வரம் கிடைக்கும், அந்த வரமே அவரை அழிக்கும். இவை எல்லாம் சிறுவருக்குச் சொல்லும் கதைகளின் விதிகள். திகிலும் நகைச்சுவையும் ஒன்றாக நிற்பதற்கு இந்த விதிகளே தூண். உயிர் போகும் வேளையில் ஒருவர் செருப்பு தேடி ஓடுவது அச்சமூட்டுகிறது, சிரிக்கவும் வைக்கிறது.

விண்கலத்தில் தீவனப்புல் ஏது? நான்காம் பாகம் எல்லா விதிகளையும் பூமியிலேயே விட்டுவிட்டது. லெப்ரகான் கையில் ஒளிவாள் இருக்கிறது, எதிரிகளிடம் துப்பாக்கிகள் இருக்கின்றன; எதுவும் அவனைத் தடுப்பதில்லை, எதுவும் அவனைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. உருவைப் பெருக்கும் கதிரால் அவன் பேருருக் கொண்டு சரக்கு அறையை நிறைத்து நிற்கும்போது, வெளிக்கதவைத் திறந்து விண்வெளியில் தள்ளி வெடிக்கவைக்கிறார்கள். ‘ஏலியன்’ உயிரியை வெளியேற்றிய அதே முறை. அவன் அழிந்தது லெப்ரகானாக இருந்ததால் அன்று. எந்த அரக்கனாக இருந்தாலும் இப்படியே அழிந்திருப்பான். அறிவுப் போட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பொறிமுறை வந்து உட்கார்ந்துவிட்டது. செட்டின் ஏழ்மையை என்னால் மன்னிக்க முடிகிறது. எழுத்தில் நேர்ந்த இந்த ஏழ்மையைப் போக்கப் பணம் தேவைப்பட்டிருக்காது என்பதால்தான் வருத்தமாக இருக்கிறது. நாலிலைத் தீவனப்புல்லைக் கலத்தின் ஆய்வகத்தில் வளர்க்க வேண்டிய கட்டாயம் வந்திருந்தால், கதையின் பின்பாதி முழுவதும் வேறாகியிருக்கும்.

இதே பயணத்தை மேற்கொண்ட வேறிரு தொடர்களோடு ஒப்பிட்டால் நான் சொல்வது விளங்கும். ‘கிரிட்டர்ஸ்’ தொடரின் உருளைப் பூச்சாண்டிகள் 1986-இல் வந்த முதல் படத்திலேயே விண்வெளிச் சிறையிலிருந்து தப்பி வந்தவை. அவற்றைத் துரத்திவரும் வேட்டைக்காரர்களும் விண்வெளிக்காரர்களே. ஆகவே 1992-இல் நான்காம் பாகம் 2045-ஆம் ஆண்டின் விண்வெளி நிலையம் ஒன்றுக்குப் போனபோது அது கதைக்குத் தாய்வீடு திரும்பியதுபோல் அமைந்தது. செலவைக் குறைக்க மூன்றாம், நான்காம் பாகங்களை ஒன்றாகவே எடுத்தார்கள். ஏஞ்சலா பாசெட், பிராட் டூரிஃப் போன்ற தேர்ந்த நடிகர்கள் அந்தச் சிறிய படத்தில் இருக்கிறார்கள். ஆனால் பூச்சாண்டிகளே போதுமான அளவு திரையில் வராததால் சிரிப்பு வற்றி, படம் பாதியில் சோர்ந்துவிடுகிறது.

‘ஜேசன் எக்ஸ்’ வேறு வகை. முகமூடிக் கொலைகாரன் ஜேசனின் கதையான ‘ஃப்ரைடே தி 13த்’ தொடரின் பத்தாம் பாகமான இது, பத்து மில்லியன் டாலருக்கு மேல் செலவானது என்பதால் மற்ற இரண்டோடு ஒப்பிடப் பெரிய படம்தான். ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ தொடரின் கொலைகாரன் ஃப்ரெடியும் ஜேசனும் மோதும் படம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால், அதன் கதைக்கு இடையூறு வராதபடி இதை 2455-ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜேம்ஸ் ஐசக் இயக்கத்தில் 2002-இல் அமெரிக்காவில் வெளியான இந்தப் படத்தில் ஒரு காட்சி இந்த வகைப் படங்களுக்கெல்லாம் பாடமாக வைக்கத் தகுந்தது. ஜேசனைத் திசைதிருப்ப, கலத்திலிருப்பவர்கள் அவன் வாழ்ந்த கிரிஸ்டல் லேக் முகாமையே கணினிப் பிம்பமாக அவனைச் சுற்றி எழுப்புகிறார்கள். தூங்கு பைக்குள் இருக்கும் பிம்பப் பெண்ணைத் தூக்கி அடித்து அவன் கொல்வது, 1988-இல் வந்த ஏழாம் பாகத்தில், இதிலும் ஜேசனாக நடித்திருக்கும் அதே கேன் ஹாடர் நடித்த கொலையின் எதிரொலி. அதாவது ஜேசன் விண்வெளிக்குப் போயும் தன் பழைய விதிகளைக் கையோடு கொண்டுபோனான். எதிரிகளும் அந்த விதிகளை அறிந்துதான் அவனைச் சமாளிக்கிறார்கள். அந்த நிமிடங்களில் திகிலும் நகைச்சுவையும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன.

லெப்ரகான் தொடரை எழுதியவர்களும் இந்தக் குறையை உணர்ந்திருக்க வேண்டும் என்றே ஊகிக்கிறேன். ஏனெனில் 2000-இல் வந்த ஐந்தாம் பாகம் ‘லெப்ரகான் இன் தி ஹுட்’ விண்வெளியை ஒரு வார்த்தைகூடக் குறிப்பிடாமல் பூமிக்குத் திரும்பி, மந்திரப் புல்லாங்குழல் ஒன்றைச் சேர்த்து, நாலிலைத் தீவனப்புல்லைக் கதைக்குள் மறுபடி கொண்டுவந்தது. புல்லைக் கஞ்சாவோடு கலந்து அவனைப் புகைக்கவைப்பது அதில் ஒரு திட்டம். 2003-இல் வந்த அடுத்த பாகத்தில் துப்பாக்கிக் குண்டுக்குள் அந்தப் புல்லை அடைக்கிறார்கள். 2018-இல் ‘லெப்ரகான் ரிட்டர்ன்ஸ்’ முதல் படத்தின் பண்ணை வீட்டுக்கே போய், இடையில் வந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அங்கிருந்து கதையைத் தொடர்ந்தது.

பார்ப்பதாக முடிவு செய்தால் முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு நான்காம் பாகத்துக்கு வாருங்கள்; நடுவிலிருப்பவற்றை விட்டுவிட்டாலும் கதை புரிவதில் தடையிராது, ஆனால் விதிகள் மறைந்திருப்பது முதல் பாகத்தைப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். ‘கிரிட்டர்ஸ் 4’ மட்டும், மூன்றாம் பாகத்தின் இறுதிக் காட்சியிலிருந்து நேராகத் தொடர்வதால், அதைப் பார்த்தபின் பார்க்க வேண்டியது. ‘ஜேசன் எக்ஸ்’ படத்தைத் தனியாகவே பார்க்கலாம். மூன்றிலும் இரத்தக் காட்சிகள் உண்டு. லெப்ரகானின் நான்காம் பாகத்தில் பாலியல் நகைச்சுவையும் நிறைய இருப்பதால், குள்ள மாயாவி, இளவரசி என்ற சொற்களைக் கேட்டுவிட்டு வீட்டிலுள்ள சிறுவர்களோடு உட்கார்ந்துவிட வேண்டாம்.